சலவைக்கல்லில் ஏறிய பெயர்

வக்கீலும் கட்சிச் செயலாளருமான ஸ்பாதாரோ அடுப்புக்கூடத்துக்குள் நுழைந்தபோது வெனேரா இரண்டாவது ஈட்டு ரொட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி போர்த்தி வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். செர்ராபியாங்காவில் அந்தக் கூடம் அப்படி அடங்குவது அபூர்வம். முன்பெல்லாம் கந்தகச் சுரங்கத்தில் யாராவது செத்தால் அடங்கும். இப்போது ஆளும் கட்சியின் கறுப்புச் சட்டை வந்தாலும் அடங்குகிறது.

“டோன்னா வெனேரா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்.”

“ரொட்டி அஞ்சு நிமிஷம் பொறுக்காதுங்க, வக்கீலய்யா. நீங்க பேசுங்க, கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.”

“உட்காருங்கய்யா,” என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற நின்ஃபா. “மாவு மூட்டைதான் இருக்கு. சட்டை வெளுத்துப்போச்சுன்னு எங்க மேல கேஸ் மட்டும் போட்டுடாதீங்க.”

பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஸ்பாதாரோவும் சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர்தான். அவருடைய அப்பா பண்ணையில் குத்தகை வசூலித்தவர். களத்தில் கோதுமையை அளந்து பாதிக்குமேல் எடுத்துக்கொள்ளும்போதும் இதே சிரிப்புதான் சிரிப்பாராம். பிறகு ஸ்பாதாரோ சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெண்களைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே அவர்கள் பலகைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார்கள்.

“என் ரொட்டி உள்ளதான்டி இருக்கு, பார்த்துக்கோ,” என்று சொல்லிவிட்டு நின்ஃபாவும் போனாள்.

“காஸ்பரே கடுதாசி போடறானா?” என்று கேட்டார் ஸ்பாதாரோ.

வெனேராவின் கையிலிருந்த நீண்ட மரத்துடுப்பு நின்றது.

காஸ்பரே அவளுடைய ஒரே மகன். புருஷன் போன பிறகு மிச்சமிருந்த ஒரே உறவும் அவன்தான். நவம்பரில் அவனைத் தீவுக்கு அனுப்பினார்கள், ஐந்து வருடத்துக்கு. வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. ஒரு காகிதம், இரண்டு கைவிலங்கு, ஒரு கப்பல், அவ்வளவுதான். அவன் செய்தது இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடையில், முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு, “அந்தப் பேரு எங்க மாமாவோடது, அதுக்காகத்தான் அவரு செத்தாரு,” என்று சொன்னான். எந்தப் பேர் என்று கடையில் இருந்த யாரும் கேட்கவில்லை. தபால் நிலையத்துச் சுவரில், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே, நீர்த்தொட்டியின் நெற்றியில் என்று எங்கே திரும்பினாலும் ஃபாஷோ என்ற அந்தப் பேர்தான் எழுதியிருந்தது.

போன மாதம் வந்த கடிதம் அவன் கையெழுத்தில் இல்லை. காய்ச்சலில் கை நடுங்குவதால் பக்கத்துக் கட்டில்காரன் எழுதுகிறேன் என்று அந்தப் பக்கத்துக் கட்டில்காரனே எழுதியிருந்தான். நடுவில் நான்கு வரிகளை யாரோ கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

“போடறான்,” என்றாள் வெனேரா.

“அங்க மலேரியா ஜாஸ்தி. இந்தக் கோடையை அவன் தாண்டறது கஷ்டம்னு அந்த ஊர் டாக்டர் எழுதியிருக்காரு. நான் பயமுறுத்த வரலை. அவரு எழுதினதைச் சொல்றேன்.” ஸ்பாதாரோ தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். “உங்க அண்ணன் லிபோரியோ. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்திமூணுல இந்த ஊர் ஃபாஷோ சங்கத்துக்குச் செயலாளரா இருந்தாரு. சரிதானே?”

முப்பத்துமூன்று வருடத்தில் அதிகாரம் உள்ள ஒருவர் லிபோரியோவின் பெயரைச் சொல்லி அவளிடம் கேட்பது இது இரண்டாவது முறை. முதலில் கேட்டது பட்டாள நீதிமன்றத்தின் எழுத்தர். உறுப்பினர் புத்தகம் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றாள். அப்போது அது அடுப்புக்குள் சாம்பலாக இருந்தது.

“இப்ப எதுக்கு அது?”

“பக்கத்து ஊர்க்காரனுக்கு ரெண்டு தியாகி இருக்காங்க. நமக்கு ஒருத்தரும் இல்லை. மே மாசம் மாகாணத் தலைவர் வர்றாரு. அவரை எதைத் திறந்துவைக்கச் சொல்றது, பன்னிச் சந்தையையா? இந்த ஊர்ல கட்சிக்காக ஒருத்தனாவது செத்திருக்கானான்னு தேடித் தேடிப் பார்த்துட்டேன்.”

“சாக ஆள் வேணும்னா உங்க ஆளுங்கள்லயே யாரையாவது கேட்டுப் பாருங்களேன்.”

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “உங்க அண்ணன் ஃபாஷோவுல இருந்தாரு. ராஜா படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே செத்தாரு. ரோமுக்கு எழுதினேன், அசந்துபோயிட்டாங்க. நமக்கெல்லாம் முன்னாடி நம்ம ஆள் ஒருத்தர்.”

“அது வேற, வக்கீலய்யா.”

“பேரு ஒன்னுதானே.”

வெனேரா அவர் சட்டையில் குத்தியிருந்த வில்லையைப் பார்த்தாள். ஃபாஷோ என்றால் அவளுடைய பேச்சில் கட்டு. சுள்ளிக்கட்டு, வைக்கோல்கட்டு, கயிற்றால் சுற்றிய எதுவும் கட்டுதான். தினமும் ஆறு கட்டு இந்த அடுப்புக்குள் போகிறது. வில்லையில் இருந்ததும் ஒரு கட்டுதான், ஆனால் குச்சிகளுக்கு நடுவே ஒரு கோடாரி எட்டிப் பார்த்தது.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். கட்டுக்குள்ள கோடாரி எதுக்கு?”

“பழைய ரோம்ல அதிகாரி தெருவுல போனா, முன்னாடி ஆளுங்க பிரம்புக்கட்டைத் தூக்கிட்டுப் போவாங்க. பிரம்பு அடிக்கறதுக்கு. கோடாரி தலையை எடுக்கறதுக்கு. அதிகாரத்தோட அடையாளம், டோன்னா. ரெண்டாயிரம் வருஷப் பழசு.”

“எங்களது அவ்வளவு பழசில்லை. அந்த வருஷம் கவாத்து பண்ணின ஆலிவ் சுள்ளி.”

ஸ்பாதாரோ ஒரு காகிதத்தை மாவுப் பலகையின் ஓரத்தில் வைத்தார். அண்ணனைப் பற்றி நான்கு வரி, கீழே அவள் கையெழுத்துப் போட இடம். விழாவன்று மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ராஜாவின் படம் அவளிடம் இருப்பது அவருக்குத் தெரியும். அதையும் தந்துவிட வேண்டும். காஸ்பரேயின் மன்னிப்புக் கடிதம் ரோமில் தயாராக இருக்கிறது. தியாகியின் மருமகனை யாரும் தீவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகுதான் கருகிய வாசனை அவளுக்கு உறைத்தது. நின்ஃபாவின் ரொட்டிகள் அடியில் கரியாகியிருந்தன.

செர்ராபியாங்காவின் கட்டு பிறந்தது இந்தக் கூடத்தில்தான். கூட்டம் போட ஊரில் யாரும் இடம் கொடுக்கவில்லை. பாதிரியார் கோயில் முற்றத்தைக்கூடத் தர மறுத்துவிட்டார். கழுதையில் சுள்ளி ஏற்றிவந்து அடுப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த லிபோரியோ அந்தச் சுள்ளிக் குவியல் மேலேயே ஏறி நின்று பேசினான். அவனுக்கு இருபத்துநான்கு வயது, ஒரு கால் சற்று இழுக்கும். பலெர்மோவில், கதானியாவில் எல்லாம் உழைக்கிறவர்கள் சேர்ந்து சங்கம் கட்டியிருக்கிறார்கள், அதற்கு ஃபாஷோ என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றான்.

“இதுக்கு அர்த்தம் சொல்ல நமக்கு வாத்தியார் வேண்டாம். தினமும் முதுகுல தூக்கறோம்.”

ஒரு சுள்ளிக்கட்டைக் காலால் உதைத்துச் சுரங்கத்து நார்தோவின் முன்னால் உருட்டிவிட்டான். நார்தோ ஊரிலேயே பலசாலி. முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தான், பல்லைக் கடித்தான், கடைசியில் கட்டோடு சேர்ந்து தரையில் உருண்டான். கூடமே சிரித்தது. பதினெட்டு வயது வெனேரா பின்னாலிருந்து கத்தினாள்: “அதை இப்படிக் குடுங்க, அடுப்புல போட்டு எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு நான் சொல்றேன்.” எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் லிபோரியோதான்.

ஏழு மாதம் அந்தச் சங்கம் இருந்தது. ஏழு மாதத்தில் களத்தில் நிஜமான பாதியை வாங்கினார்கள். சுவரில் சிலுவை மாட்டியிருந்தார்கள், அதன் பக்கத்தில் ராஜா படத்தையும் ராணி படத்தையும் மாட்டியிருந்தார்கள். இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. மாவுக்கு வரி போட்டவன் ஊர்த் தலைவன். வரியைத் தின்றவர்கள் பண்ணையார்கள். ராஜாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தால் ஒரே நாளில் நிறுத்திவிடுவார். அதனால் ஊர்வலம் போகும்போதெல்லாம் ராஜாவை முன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். பட்டாளத்துக்காரன் ராஜாவின் சம்பளம் வாங்குகிறவன். ராஜாவின் முகத்தைப் பார்த்து எவனாவது சுடுவானா?

ஜனவரி மாதம் மாவு வரிக்கு எதிராக ஊராட்சி மன்றத்துக்குப் போனபோது, படத்தை ரொட்டித் துடுப்பின் நுனியில் வைத்துக் கட்டியவள் வெனேரா. லிபோரியோ முன்னால் நிற்க வேண்டியவன் இல்லை. கால் இழுப்பதால் அவனைக் கடைசியில் வரச் சொல்லியிருந்தார்கள். இளவட்டங்கள் கல்லை எடுக்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வெனேராதான் அவனைக் கூப்பிட்டாள். கூட்டத்திலிருந்து கல் பறந்தால் பட்டாளம் பின்னாலிருந்து வந்து அடிக்கும், முன்னால் ராஜாவோடு இருப்பவனை யாரும் தொடமாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். துடுப்பை அவன் கையில் திணித்து, “இதை நீ பிடி. ராஜா கையில இருக்கறப்ப உன்னை யாரு சுடுவா?” என்றாள்.

முதல் குண்டு ராஜாவின் மார்பில் துளைத்து லிபோரியோவின் தொண்டைக்குள் போனது. பதினொரு பேர் செத்தார்கள். துடுப்பைக் கொடுத்தது யார் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்தப் பேருக்குத் தடை வந்தது. சந்தையில் சுள்ளி விற்றவர்கள்கூடச் சில வருடங்கள் அதைக் கட்டு என்று சொல்லப் பயந்து, சுமை என்றார்கள்.

இருபத்தெட்டு வருடம் கழித்து ஊர்த் திடலில் ஒரு புதுப் பலகை தொங்கியது. அதில் அதே பேர். கடலுக்கு அப்பால் உள்ள பெருநிலத்திலிருந்து ரயிலில் வந்த பேர் அது. யாருடையது, எதற்கு என்று கிழவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பலகை தொங்கிய மறுநாளே நார்தோவும் இன்னும் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மார்பில் பழைய சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சுவரை உடைத்து எடுத்த உறுப்பினர் அட்டைகளோடு அந்த அலுவலகத்துக்குப் போனார்கள்.

“நம்ம கட்டைத் திரும்பத் திறந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டோம்,” என்றாராம் நார்தோ. “இந்தாங்க அட்டை. நடுவுல கொஞ்ச நாள் வர முடியாமப் போச்சு.”

உள்ளே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு மூன்று பேருக்கும் வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றி, சிவப்புப் பட்டையைக் கழற்றவிடாமல் திடலைச் சுற்றி நடக்க வைத்தார்கள். நார்தோவை வீட்டுக்குத் தூக்கிவந்து, கோட்டைக் கழற்றி, உடம்பைக் கழுவிவிட்டவன் காஸ்பரே. அவன் முடிதிருத்தும் கடையில் சொன்ன வாக்கியம் அன்றைக்கே அவனுக்குள் விழுந்துவிட்டது. வெளியே வர நாலு வருடம் ஆயிற்று.

“கையெழுத்தைப் போட்டுத் தொலை,” என்றாள் நின்ஃபா, கருகிய ரொட்டியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே. “செத்தவனுக்கு என்னடி போச்சு? அவன் எந்தச் சட்டை போட்டாலும் மண்ணுதான் தின்னப்போகுது. பையன் உயிரோட இருக்கான்.”

“பையன் போனதே அந்தப் பேருக்காகத்தானே.”

“போனான். வரட்டும். வந்து உன்னைத் திட்டட்டும். திட்டறதுக்கு உயிர் வேணுமில்ல?”

வெனேரா காகிதத்தை மூன்று நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு நார்தோவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் பாதாம் பருப்பை உடைத்துக்கொண்டிருந்தார். அவள் படித்துக் காட்டினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“என்கிட்ட எதுக்கும்மா வந்த?”

“உங்களுக்கும் உள்ள பேருதானே, நார்தோ மாமா.”

“எனக்கு அந்தப் பேர் எண்ணெயோட சேர்ந்து வெளிய போயிடுச்சு.” கல்லை ஓங்கி ஒரு பருப்பை உடைத்தார். உடைந்தது சொத்தை. “போடு. பிள்ளை முக்கியம். நான் போடாதேன்னு சொல்லி அவன் அங்க செத்தான்னா, அப்புறம் உன் அடுப்பு ரொட்டியை நான் எப்படித் திங்கறது?”

அவள் கையெழுத்துப் போட்டாள். பரணிலிருந்து படத்தை இறக்கிக் கொடுத்தாள். ஸ்பாதாரோ குண்டுத் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, “அற்புதம்,” என்றார்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு, ஊராட்சி மன்றப் படிக்கட்டில் மேடை போட்டிருந்தார்கள். வராதவர்களின் பெயர் எழுதிக்கொள்ளப்படும் என்று தண்டோரா போட்டதால் ஊரே வந்திருந்தது. நார்தோவும் வந்திருந்தார். கல்வெட்டின் மேல் கொடி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ராஜா, புதுக் கண்ணாடிச் சட்டத்துக்குள், மார்பில் ஓட்டையோடு.

வெனேரா வழியெல்லாம் வேறு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தாள். என் அண்ணன் பாதி கோதுமைக்காகச் செத்தான். அவ்வளவுதான் அது. அதில் பொய் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், கைதட்டுகிறவர்கள் தட்டட்டும் என்று நினைத்தாள். மேடை ஏறியதும் ஸ்பாதாரோ அவள் காதருகே குனிந்தார். “கப்பல்ல ஏத்திட்டாங்களாம். ட்ராபனிக்கு வந்துட்டான். அங்கிருந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு என் தந்திக்குக் காத்திருக்காங்க.”

கொடியை இழுத்தார்கள். வெள்ளைச் சலவைக்கல்லில் தங்க எழுத்து. லிபோரியோ மன்ஜாபானே, இந்த ஊர் ஃபாஷோவின் செயலாளர், ராஜாவின் திருவுருவைத் தானே விரும்பி ஏந்தி முன்னே நடந்து வீழ்ந்தவர், எங்கள் முதல் தியாகி. கீழே கோடாரி வைத்த கட்டு.

தானே விரும்பி என்ற இடத்தை வெனேரா இரண்டு தரம் படித்தாள்.

மாகாணத் தலைவர் கையை நீட்டி, செத்தவர்களை இவர்கள் கூப்பிடும் முறைப்படி, உரத்த குரலில் பெயரைக் கூப்பிட்டார்: “லிபோரியோ மன்ஜாபானே.”

“இருக்கிறேன்,” என்றது கூட்டம். கறுப்புச் சட்டைகள் உரக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் உதட்டை அசைத்தார்கள். மூன்று முறை கூப்பிட்டார்கள், மூன்று முறையும் அவனுக்குப் பதிலாக அவர்களே இருந்தார்கள். பிறகு எல்லாரும் வெனேராவைப் பார்த்தார்கள்.

“என் அண்ணன் இவங்க ஆள்,” என்றாள் அவள்.

நார்தோ, செத்தவனுக்காகக் கழற்றியிருந்த தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அன்று கறுப்புச் சட்டைகள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸ்பரே வந்தான். தபால் பேருந்து திடலில்தான் நிற்கும். அடுப்புக்கூடத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது, வழியில் எதைப் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. அவன் பாதியாகியிருந்தான். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். வெனேரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் கைகள் பக்கவாட்டிலேயே தொங்கின.

சூப்பும் ரொட்டியும் வைத்தாள். மெதுவாக, மருந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டான்.

“நீ சொன்னியாம்மா?”

“சொன்னேன்.”

“கட்டாயப்படுத்தினாங்களா?”

“உன்னை விடறேன்னாங்க.”

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். “எனக்கும் ஒரு காகிதம் குடுத்தாங்க. மாசாமாசம் குடுப்பாங்க. கடையில சொன்னதைத் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அன்னிக்கே கப்பல். ஆறு தடவை குடுத்தாங்க. காய்ச்சல்ல கிடந்தப்பக்கூடப் பேனாவைக் கையில வச்சாங்க. நான் போடலை.”

“அது எனக்குத் தெரியாதுடா.”

“நாலு வரியை அடிச்சிருப்பாங்களே.”

வெனேராவுக்குக் கடிதத்தில் இருந்த அந்தக் கறுப்பு மை நினைவுக்கு வந்தது.

“என்கிட்ட வேற ஒன்னும் இல்லைம்மா அங்க,” என்றான் காஸ்பரே. குரல் உயரவில்லை. “அந்த ஒன்னுதான் இருந்தது. அதை வச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்.” சூப்பைத் தள்ளிவைத்தான். “மாமா ஏன் அந்தப் படத்தைத் தூக்கினாரு? அது மட்டும் இல்லேன்னா இவங்களால அவரைத் தொட்டிருக்கவே முடியாது. ராஜா, ராஜான்னு… அவ்வளவு விவரம் தெரிஞ்சவரு, அதை ஏன் தூக்கினாரு?”

“நான் குடுத்தேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அவன் கடைசியில வரவேண்டியவன். நான்தான் கூப்பிட்டுக் கையில திணிச்சேன். ராஜாவைப் பார்த்தா சுடமாட்டாங்கன்னு சொன்னேன். அவன் பிழைக்கட்டும்னு பண்ணினேன்டா.” முப்பத்துமூன்று வருடமாக வெளியே வராதது இவ்வளவு சின்னதாக வந்துவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “உனக்கும் அப்படித்தான் பண்ணினேன்.”

காஸ்பரே எழுந்தான். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு திடலை நோக்கி நடந்தான். ஞாயிறு பூசை முடிந்து ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் புரிந்தது: திரும்பவும் சொல்லப்போகிறான். மறுபடி பிடிப்பார்கள், மறுபடி கப்பல், இந்தக் கோடையிலேயே முடிந்துவிடும். பின்னால் ஓடியவள் வாசற்படியோடு உட்கார்ந்துவிட்டாள். நெருப்பு அணைந்து அடுப்பு ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஸ்பாதாரோ. கைவிலங்கு இல்லை. அவருடைய கை அவன் தோள் மேல் இருந்தது. அவன் சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தது.

“டோன்னா, நீங்க வந்து கேட்டிருக்கணும்,” என்றார் ஸ்பாதாரோ. அவர் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. “கல்வெட்டு முன்னாடி நின்னான். ‘அந்தப் பேரு எங்க மாமாவோடது, அதுக்காகத்தான் அவரு செத்தாரு’ன்னான். என்ன குரல்ங்கறீங்க. பேண்டு வாத்தியக்காரங்ககூட நிறுத்திட்டாங்க. பையங்க எல்லாம் எழுந்து நின்னு ஒரே கைதட்டு. என் வில்லையைக் கழட்டி நானே குத்திவிட்டேன்.”

“வேற ஒன்னும் சொல்லலையா?”

“சொன்னான், சொன்னான். கைதட்டல்ல காதுல விழலை. உடம்பு தேறட்டும், ஊராட்சியில ஒரு வேலை பார்த்துத் தர்றேன்.” தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காஸ்பரே மூட்டை மேல் உட்கார்ந்தான். உள்ளங்கைகளை விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

“திருடங்கன்னு சொன்னேம்மா. ரெண்டு தடவை சொன்னேன். ஒருத்தன் என்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தான். நார்தோ தாத்தா நீர்த்தொட்டிகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.”

வெனேரா அவனருகே போய் வில்லையின் ஊசியைத் தொட்டாள். அவன் தடுக்கவும் இல்லை, மார்பை நிமிர்த்திக் கொடுக்கவும் இல்லை. ஊசி துணியில் நன்றாக ஏறியிருந்தது.

“கழட்டிப் போட்டுடு, கண்ணு.”

“கழட்டினா என்ன ஆகும்?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. பதில் சொன்னால் அப்படியே செய்துவிடலாம் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வில்லையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.